ஒரே கேசுக்கு ரெண்டாவது தடவை கூண்டு ஏறலாமா? ஓரிகன் எதிர் கென்னடி, 1982

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம்ங்கிற ஊர்ல இருந்து மாமா போன் பண்ணாரு. "மாப்ள, கேசு முடிஞ்சுருச்சுன்னு நீதான சொன்ன, இப்ப திரும்ப சம்மன் வந்து கெடக்கு. அதே கடல் அட்டை, அதே தேதி, அதே போட்டு. ஒரு குத்தத்துக்கு எத்தனை தடவைப்பா ஒருத்தனைக் கூண்டுல ஏத்துவாங்க?"

மாமா விசைப்படகுல கூலிக்குப் போறவரு, போட்டு அவரோடது கெடையாது. கரைக்கு வந்தப்ப போட்டுல கடல் அட்டை (கடலடியில கெடக்கிற, புழு மாதிரி ஒரு உயிரு) இருந்துச்சுன்னு புடிச்சாங்க, வலையில தானா ஏறுனது, பிரிச்சுக் கொட்டுறதுக்குள்ள புடிச்சுட்டாங்கன்னு அவர் இன்னைக்கு வரைக்கும் சொல்றாரு. 2001-ல இருந்து கடல் அட்டை வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை, குறைஞ்சது மூணு வருசம் ஜெயில். போலீஸ் சார்ஜ் சீட் போட்டாங்க, ஒன்றரை வருசம் வாய்தா வாய்தான்னு அலைஞ்சாரு, கடைசியில அந்தச் சட்டத்தோட 55-ஆவது பிரிவுப்படி அதிகாரம் உள்ள அதிகாரி நேரடியா கோர்ட்டுல புகார் கொடுத்தாத்தான் கேசை எடுக்க முடியும், போலீஸ் சார்ஜ் சீட்டு செல்லாதுன்னு நாங்க மனு போட்டோம், விடுவிச்சுட்டாங்க. வீட்டுல அன்னைக்குக் கறிச்சோறு. இப்ப சரியான அதிகாரி, சரியான புகார், புது நம்பர்.

அவருக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஒரு கம்பளத் திருட்டு கேசு. சட்டம் படிக்கிறப்ப படிச்சது, அப்போ பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணேன், இப்பத்தான் அது உள்ள போய் உறைக்குது. அதை முழுசா எழுதிடுறேன், ஏன்னா அரசுத் தரப்பு பண்ற தப்புக்கு யாரு விலை கொடுக்கணும்ங்கிற கேள்வியை அந்த அளவுக்கு நேரா கேட்ட கேசு வேற எனக்குத் தெரியல.

நடந்தது இதுதான். கென்னடின்னு ஒருத்தர் மேல, கீழை நாட்டுக் கம்பளம் ஒண்ணைத் திருடுனதா வழக்கு. கம்பளம் இன்னதுதான், இவ்வளவு பெறும்னு சொல்றதுக்கு அரசுத் தரப்பு ஒரு கம்பள நிபுணரைச் சாட்சியா கொண்டு வந்தாங்க. குறுக்கு விசாரணையில கென்னடியோட வக்கீல் அவர்கிட்ட, நீங்க இதுக்கு முன்னாடியே கென்னடி மேல ஒரு கிரிமினல் புகார் கொடுத்தவர்தானேன்னு கேட்டு ஆமான்னு வாங்கிட்டாரு, அதாவது இந்தச் சாட்சிக்கு ஏற்கனவே பகை இருக்குன்னு ஜூரிக்குக் காட்டுறதுக்கு. அந்தப் புகார் மேல நடவடிக்கை எதுவும் வரலைங்கிறதும் வெளிய வந்துச்சு. அரசு வக்கீல் திரும்ப எந்திரிச்சு, ஏன் புகார் கொடுத்தீங்கன்னு கேக்கப் பாத்தாரு, எதிர்த்தரப்பு ஆட்சேபிச்சுச்சு, ஜட்ஜ் கேக்க விடல. வேற மாதிரி கேட்டாரு, அதையும் விடல. கடைசியில, கென்னடி குடும்பத்தோட நீங்க எப்பவாவது வியாபாரம் பண்ணிருக்கீங்களான்னு கேட்டாரு. இல்லைன்னாரு சாட்சி. உடனே அரசு வக்கீல்: "அவன் ஒரு ஃப்ராடுங்கிறதுனாலயா?"

அவ்வளவுதான், ஒரே வரி. ஆனா ஜூரி காதுல விழுந்துருச்சு. பழைய நடத்தையை வச்சு இந்தக் கேசுல ஒருத்தனைத் தண்டிக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் அத்தனை ஆட்சேபணையும், அதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில போச்சு. கென்னடி வக்கீல் மிஸ்ட்ரயல் கேட்டாரு, ஜட்ஜும் கொடுத்துட்டாரு. மிஸ்ட்ரயல்னா தீர்ப்பு இல்லாம ட்ரயலைப் பாதியில கலைச்சு ஜூரியை வீட்டுக்கு அனுப்புறது. நம்ம ஊர்ல இப்ப ஜூரி கிடையாது, 1973 நடைமுறைச் சட்டத்தோட அது போயிருச்சு, அதனால இந்த வார்த்தையே நம்ம கோர்ட்டுகள்ல புழங்காது.

அமெரிக்காவுல அரசியல் சாசனத்தோட ஐந்தாவது திருத்தம், ஒரே குத்தத்துக்கு ஒரு ஆளை ரெண்டு தடவை ஆபத்துல நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுது. அந்த ஆபத்து தீர்ப்பு வர்றப்ப ஆரம்பிக்கிறது இல்ல, ஜூரிக்கு உறுதிமொழி கொடுத்து உக்கார வச்ச நிமிசமே ஆரம்பிச்சுரும். அதனால பாதியில கலைஞ்ச ட்ரயலைத் திரும்ப நடத்தலாமாங்கிறதே அங்க பெரிய சண்டை. 1824-ல பெரஸ் கேசுல சொன்னது, ஜட்ஜ் தானா கலைச்சா அதுக்குத் தவிர்க்க முடியாத காரணம் இருக்கணும், ஜூரிக்குள்ள ஒத்துப்போக முடியலைங்கிற மாதிரி. ஆனா கலைங்கன்னு எதிரியே கேட்டா கதை வேற, நீயாதான கேட்ட, அப்ப திரும்ப நடக்கிறதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரிதான்னு ஆயிரும். (எதிரின்னு நான் எழுதுறது குற்றம் சாட்டப்பட்டவரைத்தான், நம்ம கோர்ட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்க, பகையாளின்னு அர்த்தம் இல்ல.) 1976-ல டினிட்ஸ் கேசுல அதுக்கு ஒரு விலக்கு வச்சாங்க: அரசுத் தரப்பே கெட்ட எண்ணத்தோட நடந்து எதிரியை அப்படிக் கேக்க வச்சா, ரெண்டாவது ட்ரயல் கிடையாது. விலக்கு எவ்வளவு அகலம்னு அப்ப அளந்து சொல்லல, அதைத்தான் கென்னடி கேசுல அளந்தாங்க.

ரெண்டாவது ட்ரயலுக்கு முன்னாடி கென்னடி அதைத் தடுக்கப் பாத்தாரு. அப்ப நடந்த விசாரணையில அந்த அரசு வக்கீலே சாட்சி சொன்னாரு. அதைக் கேட்ட ஜட்ஜ், மிஸ்ட்ரயல் ஆகணும்ங்கிறது இவரோட நோக்கம் இல்லைன்னு முடிவு பண்ணாரு. ரெண்டாவது ட்ரயல் நடந்து கென்னடிக்குத் தண்டனையும் ஆச்சு. ஓரிகன் அப்பீல் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு: நோக்கம் இல்லைன்னே வச்சுக்குவோம், ஆனா அந்தக் கேள்வி ஒரு மனுசனோட குணத்து மேல நேரடித் தாக்குதல், அது அத்துமீறல், அதுவே போதும்னு சொன்னாங்க.

1982 மே 24-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டுச்சு. முடிவுல ஒன்பது பேரும் ஒண்ணு, காரணத்துல அஞ்சுக்கு நாலு. நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதுன தீர்ப்புல சொன்னது இதுதான்: அரசு வக்கீல் தப்பா நடந்தாருங்கிறது பத்தாது, வேணும்னே தொந்தரவு பண்ணாருங்கிறதும் பத்தாது, எதிரியை மிஸ்ட்ரயல் கேக்க வைக்கணும்ங்கிற குறியோட தூண்டி விட்டிருந்தா மட்டும்தான் ரெண்டாவது ட்ரயலுக்குத் தடை. அதுக்கு அவர் சொன்ன காரணத்தைச் சும்மா தள்ளிட முடியாது. அத்துமீறல்னு பொதுவா ஒரு அளவுகோலை வச்சா எது அத்துமீறல், எது சூட்டுல வந்த வார்த்தைன்னு பிரிக்க வழி இல்ல. அதைவிட முக்கியம், மிஸ்ட்ரயல் கொடுத்தா கேசே போயிரும்னு தெரிஞ்சா எந்த ஜட்ஜும் மிஸ்ட்ரயல் கொடுக்கத் தயங்குவாரு, கடைசியில அடி வாங்குறது எதிரிதான். இது நெசமான கவலை. நம்ம கோர்ட்டுலயும் பாக்குறோம், பரிகாரம் ரொம்பப் பெருசா இருந்தா கேட்டது கிடைக்காது.

நீதிபதி ஸ்டீவன்ஸ் தனியா எழுதுனாரு, இன்னும் மூணு பேர் அவரோட சேந்தாங்க. அவர் கேட்டதுதான் என் கேள்வியும். ஒரு அரசு வக்கீல் வேணும்னே தப்பான கேள்வி கேட்டாருன்னா, ஜூரி மனசைக் கெடுத்து ஜெயிக்கக் கேட்டாரா, இல்ல கேசு கைய விட்டுப் போகுதுன்னு கலைக்கக் கேட்டாரான்னு எதிரி எப்படி நிரூபிப்பான்? அது கிட்டத்தட்ட முடியாத காரியம்னு அவரே சொல்றாரு. யோசிச்சுப் பாருங்க, தெரிஞ்சே ஜூரி மனசைக் கெடுக்கப் பாத்தவருக்கு ரெண்டாவது வாய்ப்பு உண்டு, தெரிஞ்சே கலைக்கப் பாத்தவருக்கு மட்டும் கிடையாது. முதல் ஆளு என்ன நல்லவரா? வலை போட்ட இடத்துல மீன் இல்லைன்னு தெரிஞ்சு வேணும்னே வலையைக் கிழிச்சுக்கிட்டவன், மீன் ஓடிரக் கூடாதுன்னு கண்ணியைச் சுருக்கிக் கட்டுனவன், ரெண்டு பேருமே திரும்ப வலை வீசத்தான் பாக்குறாங்க. தண்ணிக்குள்ள கெடக்கிறது என்னமோ அதே மீன்தான்.

கேசு திரும்ப ஓரிகனுக்குப் போச்சு. 1983-ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், எங்க மாநில அரசியல் சாசனம் வேற, நாங்க வேற அளவு வைக்கிறோம்னு சொல்லுச்சு, லிண்டே எழுதுன தீர்ப்பு. நடந்த தப்பு மிஸ்ட்ரயல் தவிர வேற எதாலயும் சரி பண்ண முடியாததா இருக்கணும், அது தப்புன்னு அதிகாரிக்குத் தெரிஞ்சிருக்கணும், மிஸ்ட்ரயல் ஆனா ஆகட்டும்னு அவர் நினைச்சிருந்தாலே போதும், கலைக்கணும்ங்கிற குறி வேணாம். இந்த "ஆனா ஆகட்டும்"தான் எனக்குப் பிடிச்ச இடம். மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தோண்ட வேண்டியதில்ல, அலட்சியம் வெளியவே தெரியும். ஆனா கென்னடிக்கு இதுலயும் பலன் இல்ல, அந்த அளவுகோல்படியும் அவருக்குத் தண்டனை உறுதிதான். வழக்கு மத்தவங்களுக்குத்தான் உதவுச்சு.

பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேல போச்சு. ஒரு டீச்சரையும் அவங்க ரெண்டு பிள்ளைகளையும் கொன்னதா ஸ்மித்ங்கிற பள்ளிக்கூட பிரின்சிபாலுக்கு 1986-ல மரண தண்டனை கொடுத்துட்டாங்க. அந்தம்மா உடம்புல கால் விரல் இடுக்குல மணல் இருந்துச்சு, அதைப் பசைத்தாள்ல ஒட்டி எடுத்தோம்னு ஒரு போலீஸ்காரரே சாட்சி சொன்னாரு. கடற்கரை மணல்னா கொலை நடந்த இடம் வேற, ஆளும் வேறன்னு ஸ்மித் தரப்பு வாதம். அரசுத் தரப்பு என்ன பண்ணுச்சுன்னா, அந்தப் போலீஸ்காரர் சொல்றதே பொய்ங்கிற மாதிரி ஜூரி முன்னாடி அடிச்சுப் பேசுச்சு. ஆனா ட்ரயல் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே அந்தப் பசைத்தாள் அவங்க கைக்கே கிடைச்சிருக்கு, மணலோட. வெளிய சொல்லல. 1992-ல பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் இனிமே ட்ரயலே கிடையாதுன்னு ஆளை வெளிய விட்டுச்சு: மிஸ்ட்ரயலைத் தூண்டுறது மட்டும் இல்ல, நியாயமான ட்ரயலே கிடைக்காம ஆக்குறதுக்கு வேணும்னே பண்ணாலும் தடைதான். தனுஷ்கோடி மணல்ல நடந்து வளந்தவன் நான், கால் இடுக்குல மணல் எத்தனை நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியும், ஒரு உயிரு தூக்குக்குப் போறதும் போகாததும் அந்தத் துளி மணல்ல இருந்துச்சுங்கிறதைப் படிச்ச அன்னைக்குத் தூக்கம் வரல. 2020-ல அதே கோர்ட் ஜான்சன் கேசுல இன்னும் அகலப்படுத்துச்சு. அதுல ரெண்டு தொப்பி, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கருப்பு. எதிரியோட டிஎன்ஏ சிவப்புல, செத்தவரோட ரத்தம் கருப்புல. ரெண்டையும் ஒரே தொப்பியா குழப்பி ஜூரிகிட்ட சொல்லிட்டாங்க. சூழ்ச்சி இல்ல, ஆனா பாக்க வேண்டியதைப் பாக்காத பொறுப்பில்லாத்தனம், அதுவும் தடைக்குப் போதும்னு தீர்ப்பு.

இப்ப நம்ம பக்கம் வருவோம், மாமாவுக்கு வேண்டியது இதுதான்.

நம்ம அரசியல் சாசனம் 20(2), ஒரே குத்தத்துக்கு ஒருத்தரை ஒரு தடவைக்கு மேல வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. வழக்கும் நடந்திருக்கணும், தண்டனையும் ஆயிருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் இந்தக் கதவு. விடுதலை ஆனவனுக்குப் பாதுகாப்பு இங்க இல்ல, அது நடைமுறைச் சட்டத்துல இருக்கு, பழைய சட்டத்துல 300-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-ல இருந்து பிஎன்எஸ்எஸ்ங்கிற புது நடைமுறைச் சட்டத்துல 337: தகுதி உள்ள கோர்ட்டுல விசாரிச்சு தண்டனையோ விடுதலையோ ஆயிருந்தா, அது நிக்கிற வரைக்கும் அதே குத்தத்துக்குத் திரும்ப விசாரிக்கக் கூடாது. ஆனா அதுக்குக் கீழயே விளக்கம் போட்டிருக்கான், புகாரைத் தள்ளுபடி பண்றதும் எதிரியை விடுவிக்கிறதும் விடுதலை ஆகாதுன்னு. விடுவிப்பு வேற, விடுதலை வேற: விடுவிப்புன்னா விசாரணைக்கு முன்னாடியே அனுப்பிடுறது, விடுதலைன்னா விசாரிச்சு முடிச்சுக் குத்தவாளி இல்லைன்னு தீர்ப்பு. மாமாவுக்கு ஆனது விடுவிப்பு. நான் அன்னைக்கு முடிஞ்சுருச்சுன்னு சொன்னது தப்பு, சாட்சி விசாரணைக்கு முன்னாடி கிடைச்ச விடுவிப்பு இதுன்னு அப்பவே உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும். முழுசா விசாரணை நடந்து விடுதலையே ஆயிருந்தாலும், முறையான அனுமதி இல்லாம கேசை எடுத்த கோர்ட்டு தகுதி உள்ள கோர்ட்டே இல்லைன்னு 1949-ல பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் இடம்) யூசுபலி முல்லா கேசுல சொன்னதை 1957-ல நம்ம உச்ச நீதிமன்றமும் ஏத்துக்கிச்சு. அரசுத் தரப்பு ஆரம்பத்துலயே தப்பா வழக்கு போட்டா, அந்தத் தப்பே அவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பைக் கொடுக்குது. ஒன்றரை வருசம் அலைஞ்சவனுக்குக் கணக்குல ஒண்ணுமே நடக்கல.

நம்ம கடற்கரையில இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும், தங்கம். கஸ்டம்ஸ் தங்கத்தைப் பறிமுதல் பண்ணி அபராதமும் போட்டுட்டாங்க, அப்புறம் எப்படிக் கோர்ட்டுலயும் கேசுன்னு கேப்பாங்க. 1953-லயே மக்பூல் ஹுசேன் கேசுல இதுக்குப் பதில் வந்துருச்சு. பம்பாய் ஏர்போர்ட்டுல 107 தோலாவுக்கு (தோலாங்கிறது பழைய எடை அளவு) மேல தங்கத்தோட புடிபட்டவரு அவரு, கஸ்டம்ஸ் அதிகாரி கோர்ட்டு கிடையாது, பறிமுதல் தண்டனை கிடையாதுன்னு தீர்ப்பு, கேசு தனியா நடக்கும். அதே மாதிரி இலங்கையில எல்லை தாண்டுனதுக்கு ஒத்திவைச்ச தண்டனையோட வந்த மீனவங்க அங்க ரெண்டாவது தடவை மாட்டுனா ஜெயிலுக்குப் போறதும் இதுல சேராது, அது புதுக் குத்தம், புதுத் தேதி.

அரசு வக்கீல் தப்பு பண்ணா இங்க என்ன ஆகும்? ஓரிகன் மாதிரி கேள்வியே நம்மகிட்ட எழல, ஏன்னா இங்க அப்பீல் கோர்ட்டு திரும்ப முதல்ல இருந்து விசாரிங்கன்னு சொல்லலாம், பழைய சட்டத்துல 386, இப்ப 427. 1963-ல உக்கா கோல்ஹே கேசுல உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு வச்சுச்சு: அரசுத் தரப்பு விட்ட ஓட்டையை அடைக்கிறதுக்காக மறுபடி விசாரணை கூடாது, முதல் விசாரணை பேருக்குக் கூட நடக்கலைன்னு சொல்ற அளவுக்குக் கெட்டுப் போயிருந்தாத்தான். 2017-ல அஜய் குமார் கோஷல் கேசுலயும் அதையே திரும்பச் சொன்னாங்க, அபூர்வமான சமயத்துல மட்டும்னு.

இங்கதான் என் பக்கமும் ஆட்டம் காணுது. பெஸ்ட் பேக்கரி. 2002 மார்ச் 1, குஜராத் கலவரத்துல வடோதராவுல அந்தப் பேக்கரிக்குத் தீ வச்சு 14 பேர் செத்தாங்க. 2003 ஜூன்ல 21 எதிரிகளும் விடுதலை, சாட்சிகள் பாதிக்கு மேல பிறழ் சாட்சி, அதாவது முன்ன சொன்னதை கோர்ட்டுல மாத்திட்டாங்க. 2004 ஏப்ரல் 12-ல உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உடைச்சு, மகாராஷ்டிராவுல முதல்ல இருந்து விசாரிங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அரசு வக்கீல் எதிரித் தரப்பு வக்கீல் மாதிரி நடந்துக்கிட்டாருன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. 2006-ல மும்பை கோர்ட்டு ஒன்பது பேருக்குத் தண்டனை கொடுத்துச்சு, 2012-ல உயர் நீதிமன்றம் அதுல அஞ்சு பேரை விட்டு நாலு பேருக்கு உறுதி பண்ணுச்சு. இதுவும் அரசு வக்கீல் பண்ண தப்புதான், ஆனா தப்போட திசை வேற. எதிரிக்கு எதிரா நடந்த தப்புல ரெண்டாவது விசாரணை எதிரிக்குத் தண்டனை மாதிரி, எதிரிக்கு ஆதரவா நடந்த நாடகத்துல ரெண்டாவது விசாரணைதான் செத்தவங்களுக்கு முதல் விசாரணை. ஸ்மித் கேசு தடையையும் இந்தக் கேசு மறுவிசாரணையையும் ஒரே மூச்சுல சரின்னு நான் சொல்றது முரண் இல்லைன்னு நினைக்கிறேன், தப்பு பண்ண கை அந்தத் தப்பால லாபம் அடையக் கூடாதுங்கிறதுதான் ரெண்டுலயும் இருக்கு. கென்னடி கேசுல நோக்கத்தைத் தேடுனதுக்குப் பதிலா இந்த லாபத்தைத் தேடியிருந்தா வேற தீர்ப்பு வந்திருக்கும்.

மாமாகிட்ட இவ்வளவும் சொல்லல. "புதுக் கேசு நிக்கும் மாமா, இரட்டைத் தண்டனைன்னு சொல்லித் தடுக்க முடியாது"ன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல அவரு. அப்புறம் "அவுக தப்பாப் போட்டதுக்கு நான் ஏன்பா அலையணும்"னு கேட்டாரு. அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல, செய்ய முடிஞ்சது இருக்கு. அரசுத் தரப்பு தாங்க கைப்பற்றியும் கேசுக்குப் பயன்படுத்தாத ஆவணங்களோட பட்டியலையும் எதிரிக்குக் கொடுக்கணும்னு 2021-ல உச்ச நீதிமன்றம் வழிமுறை போட்டுச்சு, அடுத்த வருசம் நம்ம தமிழ்நாட்டு பொன்னுசாமி கேசுல அந்த உரிமையை உறுதிப்படுத்துச்சு. அந்தப் பட்டியலைக் கேட்டு மனு எழுதியாச்சு, முதல் தடவை போலீஸ் எழுதுன மகஜர் (கைப்பற்றுனதைப் பத்துன குறிப்பு), எடை போட்ட சீட்டு, புடிச்சப்ப எடுத்த போட்டோ எல்லாம் புதுக் கேசுல காணோம், பழைய கட்டுல எங்கயோ கெடக்கு. அட்டை தனியா சாக்குல இருந்துச்சா, மீனோட கலந்து கெடந்துச்சாங்கிறது அந்தப் போட்டோவுல தெரியும்.

இன்னொரு மனுவும் போட்டிருக்கேன், சின்னது. விசைப்படகு வாரத்துல திங்கள், புதன், சனி மூணு நாள்தான் கடலுக்குப் போகலாம், ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் தடைக்காலம் வேற. வாய்தா புதன்கிழமை விழுந்துருக்கு. செவ்வாயோ வியாழனோ மாத்திக் கொடுங்கன்னு கேட்டிருக்கேன்.